கறுத்த சரிகை

அத்தியாயம் ஐந்து

முன் சீட்டு பறிபோனதிலிருந்து மாயாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

பத்து வருஷமாக அது அவனுடைய சீட்டு. துப்பறியும் தங்கமுத்துவின் பழைய மோரிஸ் காரில் ஓட்டுகிறவருக்கு இடப்பக்கம், ஸ்பிரிங் ஒன்று வெளியே வந்து முதுகில் குத்துகிற சீட்டு. குத்தினால் என்ன? வடமதுரை நகைத் திருடனைத் துரத்தியபோது அந்த ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருந்தவன் மாயாண்டி. ரெட்டியார்சத்திரத்தில் கள்ள நோட்டுக்காரன் அரிவாளோடு வந்தபோது அதே சீட்டுக்கு அடியில் பதுங்கியிருந்தவனும் மாயாண்டிதான். இன்றைக்கு அதில் ரோசலின் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். ஸ்பிரிங் குத்தாமலிருக்கத் தங்கமுத்து தம்முடைய துண்டை நாலாக மடித்துப் போட்டிருந்தார். இத்தனை வருஷத்தில் மாயாண்டியின் முதுகுக்கு ஒரு கைக்குட்டையாவது கிடைத்ததுண்டா?

ரோசலின் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக் கொடுப்பவள். போன மாதம் ஒரு சுருட்டுக் கிடங்கில் வேலையாட்கள் ஒருவர் பின் ஒருவராக மயங்கி விழுந்தார்கள். மாயாண்டி மூன்று பேரைச் சந்தேகப்பட்டு, அதில் ஒருவரை வேவு பார்க்க மாமரத்தில் ஏறி, செவ்வெறும்புக் கடி வாங்கிக்கொண்டு இறங்கினான். ரோசலின் மரப்பெட்டியோடு வந்து கிடங்கின் காற்றைச் சோதித்து, மூடிய அறையில் எரிந்த கரியடுப்புதான் குற்றவாளி என்று ஒரே பகலில் சொல்லிவிட்டாள். அன்றைக்கே தங்கமுத்து அவளை "நம்ம டீச்சர்" என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த "நம்ம" மாயாண்டிக்கு எறும்புக்கடியைவிட அதிகமாக எரிந்தது.

"ஏலே மாயாண்டி, பெட்டியச் சாய்க்காமப் பிடிச்சுக்க" என்றார் தங்கமுத்து, முன்னாலிருந்து திரும்பாமலே.

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணே. உள்ள என்ன, பச்சப்புள்ளையா தூங்குது?"

"காத்தைச் சோதிக்கிற சாமான்" என்றாள் ரோசலின்.

"காத்துக்கு ஜாதகம் பாக்கப் போறீகளாக்கும்! நட்சத்திரம் தெரியுமா டீச்சர்?"

தங்கமுத்து சிரித்தார். சிரித்தது மாயாண்டியின் பேச்சுக்கு. பார்த்தது டீச்சரின் முகத்தை. மாயாண்டி இடுப்பிலிருந்து மூக்குப்பொடி மட்டையை எடுத்து, இரண்டு மூக்கிலும் ஒரு சிட்டிகை இழுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டான்.

கார் மதுரை ரோட்டில் சின்னாளபட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. வரச் சொன்னவள் சண்முகவள்ளி என்கிற விதவைப் பெண். நேற்று மத்தியானம் நாகல்நகரில் பூட்டுக்கடை மாடியிலிருந்த தங்கமுத்துவின் ஆபீசுக்கு ஏறி வந்து, உட்காரச் சொன்னதற்கும் உட்காராமல், யாரும் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"ஐயா, நான் கண்ணு வைக்கிறவளா இல்லையான்னு நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். ஒரு பக்கம் செத்துப்போன புருஷனுடைய தறியில் அவள் நெய்கிறாள். மறுபக்கம் கொழுந்தன் கண்ணுசாமி நெய்கிறான். கார்த்திகை மாதத்திலிருந்து கண்ணுசாமியின் சேலையில் சரிகை மட்டும் தறியிலேயே கறுத்துப் போகிறது. மாசி பிறந்தும் நிற்கவில்லை. அவனுக்குத் தலைவலி, கண் எரிச்சல், வாந்தி. அவள் சேலையோ பளபளக்கிறது. அவன் பெண்டாட்டி செல்லக்கிளி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள், எல்லாம் அக்கா கண்ணுதான் என்று. ஆயக்குடியிலிருக்கிற சண்முகவள்ளியின் அண்ணனுக்கு ஆள் போய்விட்டது. இன்றைக்குச் சாயங்கால பஸ்ஸுக்கு அவன் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதோடு அந்தத் தறியும் கண்ணுசாமிக்கு.

"உங்களுக்கு அவுக மேல பொறாமை உண்டா?" என்று தங்கமுத்து நேராகவே கேட்டார்.

"உண்டுங்கய்யா" என்றாள் அவளும் நேராகவே. "அவளுக்குப் புருஷன் இருக்கான், கையில பிள்ளை இருக்கு. பாக்குறப்பல்லாம் வயிறு எரிஞ்சிருக்கு. அதான் பயமா இருக்கு. ஒருவேளை நெசமாவே நான்தானோன்னு."

மாயாண்டி தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவள் பக்கம் தள்ளி வைத்தான்.

சின்னாளபட்டித் தெருவில் சாயம் போட்ட நூல் கழிகளில் காய்ந்துகொண்டிருந்தது. கண்ணுசாமி வாசலில் நின்றான். முப்பது வயதுக்காரன். கண் இரண்டும் மிளகாய்ப் பொடி விழுந்ததுபோல் சிவந்திருந்தது. பக்கத்தில் செல்லக்கிளி, இடுப்பில் பிள்ளை.

"மதினி கூட்டியாந்த ஆளுகளா?" என்றான் கண்ணுசாமி. "பாத்துட்டுப் போங்க. ஆனா சாயங்காலம் அவுக கெளம்புறதுல மாத்தமில்லை."

"கெளம்பட்டும், கெளம்பட்டும்" என்றார் தங்கமுத்து. "அதுக்கு முந்தி தறியை ஒரு தடவை பாத்துக்கிறோம்."

செல்லக்கிளி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துத் தறியறைக் கதவைத் திறந்தாள். கதவில் தொங்கிய பூட்டு ஒரு தேங்காய் அளவுக்கு இருந்தது.

"திண்டுக்கல் பூட்டு" என்றாள் பெருமையாக. "ஆயுத பூசை அன்னைக்கு வாங்கிப் போட்டேன். வேற சாவியே போட முடியாதாம். இவரு உள்ள நெய்யிறப்போ நான் வாசல்லயே காவல் இருப்பேன். எந்திரிச்சா பூட்டிருவேன். அன்னையிலருந்து அக்கா நிழல்கூட இந்த வாசப்படியத் தாண்டலை."

"அம்புட்டுக் காவலா!" என்றான் மாயாண்டி. "எங்க ஊரு கஜானாவுக்குக்கூட இம்புட்டு இல்லை தாயி."

"பூட்டு போட்டுத் தடுத்தும் சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்தே கறுக்க வச்சிட்டாளே, அதைச் சொல்லுங்க!"

உள்ளே சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. ஜன்னல் இறுக்கிச் சாத்தியிருந்தது. காற்றுப் பட்டால் நூல் காய்ந்து அறுந்துவிடும் என்றான் கண்ணுசாமி. நடுவில் தறி. தரையில் இடுப்பளவுக்கு ஒரு குழி. நெய்கிறவன் அதன் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும். நெய்து முடிந்த துணி அவன் மடிக்கு எதிரே, குழிக்கு நேர் மேலே கட்டையில் சுருண்டுகொண்டிருந்தது. அரக்குச் சிவப்புச் சேலை. கரையில் ஜொலிக்க வேண்டிய சரிகை, அடுப்பில் கிடந்த கரண்டி நிறத்தில் இருந்தது.

"சரிகை போலியா இருக்குமோ?" என்றார் தங்கமுத்து.

"ஒரே கட்டுச் சரிகை ஐயா. பாதி மதினிக்கு, பாதி எனக்கு. அவுகளுது தங்கமா மின்னுது."

"குழி ஈரமா இருக்கே?"

"ஈரம் இருந்தாத்தான் நூலு வளையும். ஆயுத பூசைக்கு முன்னால ஒரு முழம் ஆழம் வெட்டி எடுத்து, புது மண்ணு போட்டு நானே மெழுகினேன். அதுல ஒரு குறை சொல்ல முடியாது."

ரோசலின் மூக்கைச் சுருக்கினாள். "சாம்பிராணிக்கு அடியில வேற ஏதோ வாடை இருக்கு சார்."

"கஞ்சி புளிச்ச வாடை" என்றாள் செல்லக்கிளி சட்டென்று. "பாவு நூலுக்கு விறைப்பேத்தப் போடுற கஞ்சி. நெசவுக்காரன் வீட்டுல மல்லிகப்பூவா மணக்கும்?"

மாயாண்டியும் முகர்ந்து பார்த்தான். பொடி ஏறிய மூக்குக்குச் சாம்பிராணியே பாதிதான் எட்டியது. பத்து வருஷமாக இந்த மூக்கை நம்பித்தான் தங்கமுத்து துப்பறிந்தார் என்று அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வது வழக்கம். அதை இப்போது யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

ரோசலின் பெட்டியைத் திறந்தாள். உள்ளே வெள்ளைக் காகிதத் துண்டுகள், விரல் நீளத்தில்.

"இது ஈயச்சர்க்கரைங்கிற ஈய உப்புக் கரைசல்ல நனைச்ச காகிதம்" என்றாள். "வெள்ளியைக் கறுக்க வைக்கிற ஒரு வாயு இருக்கு. அது இந்த வீட்டுக் காத்துல இருந்தா, காகிதமும் கறுத்துக் காட்டிக்கொடுத்துரும். வாயு இல்லைன்னா இப்படியே வெள்ளையா இருக்கும்."

"பிரமாதம் டீச்சர்!" என்றார் தங்கமுத்து. "பாத்தியாலே மாயாண்டி? அடிக்காம, மிரட்டாம சாட்சி சொல்ற காகிதம்."

போன வருஷம் ஒரு சாட்சியை மாயாண்டி அடிக்காமல் மிரட்டாமல் மூன்று தட்டு பிரியாணி வாங்கிக் கொடுத்தே பேச வைத்தான். அதற்கு ஒரு "பிரமாதம்" கூட வரவில்லை.

ரோசலின் பத்துத் துண்டுகளை எண்ணி நனைத்து ஒரு பீங்கான் தட்டில் வைத்து, தட்டை மாயாண்டியிடம் கொடுத்தாள். ஒன்றை எடுத்துக்கொண்டு தறியருகே போனாள். செல்லக்கிளி குறுக்கே வந்து நின்றாள்.

"பாவு ஏறின தறிகிட்ட அந்நியர் போகக் கூடாது. குழியில இவரு காலைத் தவிர வேற காலு படக் கூடாது. சுவத்துல மாட்டிக்கங்க, வேணாங்கலை."

வேறு வழியில்லாமல் ரோசலின் சுவர் ஆணிகளில் நான்கு, ஜன்னலில் ஒன்று என்று மாட்டிக்கொண்டே போனாள். தட்டை ஏந்திக்கொண்டு அவள் பின்னால் நடந்த மாயாண்டிக்கு, கல்யாண வீட்டில் சந்தனத் தட்டு ஏந்துகிற கிழவன் ஞாபகம் வந்தது. அப்போதுதான் சனியன் பிடித்த அந்த யோசனையும் வந்தது. ஒரு துண்டு குறைந்தால்? பத்து எண்ணிக் கொடுத்தவள் ஒன்பதைக் கணக்குக் காட்டினால், அண்ணனின் "நம்ம டீச்சர்" கொஞ்சம் சுருதி இறங்காதா? எல்லோரும் ஜன்னலைப் பார்த்திருந்த நேரத்தில் அவன் இரண்டு விரலால் ஒரு துண்டை எடுத்துத் தறிக்குழிக்குள் சுண்டிவிட்டான். அது மிதிகட்டைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் போய் விழுந்தது.

மீதித் துண்டுகளில் இரண்டு சண்முகவள்ளியின் தறியறைக்கும், ஒன்று கூடத்துக்கும், கடைசி ஒன்று பக்கத்துச் சாயப்பட்டறையை ஒட்டிய கொல்லைச் சுவருக்கும் போயிற்று. செல்லக்கிளி கதவைப் பூட்டினாள். காத்திருக்க வேண்டியதுதான் என்றாள் ரோசலின்.

தங்கமுத்துவும் டீச்சரும் கொல்லையில் சாயப்பட்டறையைப் பார்க்கப் போனார்கள். மாயாண்டியை யாரும் கூப்பிடவில்லை. அவன் சண்முகவள்ளியின் பக்கம் போய் உட்கார்ந்தான். அங்கே ஒரு மூட்டை கட்டித் தயாராக இருந்தது. தறியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை பாதி நெய்தபடி நின்றது, சரிகை மின்னியது.

அவள் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். "டீச்சரம்மா மேல உங்களுக்கு என்ன கோவம்?"

"கோவமா? எனக்கா? சேச்சே."

"எனக்குத் தெரியுமுங்க. இந்த வியாதி எந்த மூஞ்சியில இருந்தாலும் நான் கண்டுபிடிச்சிருவேன். எனக்கும் அதே வியாதிதானே." அவள் பாதிச் சேலையைத் தடவிக்கொடுத்தாள். "அவரு சாகுறதுக்கு முந்தி கடைசியாத் தயார் பண்ணி வச்ச பாவு இது. இத்தனை நாளும் வேற வேற சேலையா நெய்துட்டு, இதைத்தான் கடைசிக்குன்னு வச்சிருந்தேன். முடிக்கிறதுக்குள்ள போகச் சொல்றாக. இதை அறுத்துட்டா அப்புறம் எனக்குன்னு ஒண்ணுமில்லை."

காப்பி நன்றாகத்தான் இருந்தது. மாயாண்டியால் குடிக்க முடியவில்லை.

வெயில் சாய்ந்தபோது ரோசலின் துண்டுகளைச் சேகரித்து வந்து கூடத்தில் வரிசையாக வைத்தாள். கொல்லைச் சுவர்த் துண்டு வெள்ளை. ஆகவே சாயப்பட்டறை குற்றவாளியில்லை. சண்முகவள்ளியின் அறைத் துண்டுகளும் கூடத்துத் துண்டும் வெள்ளை. கண்ணுசாமியின் அறை ஜன்னலில் இருந்ததும் வெள்ளை. சுவரில் இருந்த நான்கில் இரண்டு மட்டும் லேசாக டீத்தண்ணி நிறத்தில் இருந்தன.

"என்ன டீச்சர்?" என்றார் தங்கமுத்து.

ரோசலின் அந்த இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது சாம்பிராணிப் புகையாலயும் ஆகலாம் சார். இதை வச்சு நான் இருக்குன்னு சொன்னா அது பொய். இன்னொண்ணு... பத்துத் துண்டு எண்ணினேன். ஒன்பதுதான் இருக்கு. நான் எண்ணினதே தப்போ என்னமோ." அவள் குரல் இறங்கிவிட்டது. "மன்னிச்சிருங்க. என்னால ஒண்ணும் நிரூபிக்க முடியலை."

மாயாண்டி எதிர்பார்த்தது இதைத்தான். தங்கமுத்துவின் முகம் வாடியது. மாயாண்டியின் உள்ளுக்குள் ஒருவன் தோள்துண்டைத் தலைக்கு மேல் சுழற்றி ஆடினான்.

"கேட்டுக்கங்க!" என்றாள் செல்லக்கிளி. "காத்துல ஒண்ணுமில்லையாம். படிச்ச அம்மாவே சொல்லிட்டாக. காத்துல இல்லைன்னா வேற எதுல இருக்கு? கண்ணுலதான்!"

கண்ணுசாமி நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "மதினி, பஸ் வார நேரமாச்சு."

சண்முகவள்ளி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. "அப்ப நான்தான் போல" என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய், தறியில் ஏறிய பாவு நூலை அறுக்கக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள்.

உள்ளுக்குள் ஆடிக்கொண்டிருந்தவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டான்.

சரி, குழியில் கிடப்பதையாவது யாரும் பார்க்காமல் எடுத்துவிடுவோம் என்று மாயாண்டி துண்டுகளை எடுக்கத் திறந்தபடியே கிடந்த தறியறைக்குள் நழுவினான். குழி விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவினான். ஈரக் காகிதம் கையில் பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தவன் அப்படியே கிடந்தான். வெள்ளைக் காகிதம் கன்னங்கரேலென்று இருந்தது.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். டீச்சர் தோற்ற கதையோடு கார் திண்டுக்கல்லுக்குத் திரும்பும். முன் சீட்டும் திரும்பும். எடுத்துக் காட்டினால் டீச்சர் ஜெயித்துவிடுவாள், திருட்டுப்பயல் என்ற பெயர் மாயாண்டிக்கு. பையில் போடுவதற்குக் கை போகவும் செய்தது. அடுத்த அறையில் கத்தரிக்கோல் திறக்கிற சத்தம் கேட்டது.

"நிறுத்து தாயி!" என்று கத்திக்கொண்டே ஓடினான் மாயாண்டி. "அறுக்காத! அண்ணே, டீச்சர் கணக்கு சரிதான். பத்தாவது இந்தா இருக்கு!"

தங்கமுத்து கறுத்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு மாயாண்டியை. "எங்க கிடந்துச்சு?"

"தறிக்குழியில."

"அங்க எப்படிலே போச்சு?"

"நான்தான் போட்டேன்."

"எதுக்கு?"

மாயாண்டி தரையைப் பார்த்தான். "வயித்தெரிச்சல்ல."

ரோசலின் எதுவுமே கேட்கவில்லை. கறுத்த துண்டைப் பிடுங்கிக்கொண்டு தறியறைக்கு ஓடினாள். "காத்தை விடக் கனமான வாயு! மேல தேடினா எங்க கிடைக்கும்? தண்ணி மாதிரி பள்ளத்துல போயில்ல தேங்கி நிக்கும்! நான் மக்கு, சுவத்துல தேடிக்கிட்டிருந்தேன்!"

செல்லக்கிளி மறுபடி குறுக்கே வந்தாள். இந்தத் தடவை கண்ணுசாமியே அவளை ஒதுக்கிவிட்டான். ரோசலின் புதுத் துண்டுகளை நூலில் கட்டிக் குழியின் ஒவ்வொரு மூலையிலும் இறக்கிப் பிடித்தாள். மூன்று மூலைகளில் காகிதம் மெதுவாகப் பழுப்பேறியது. நாலாவது மூலையில், மிதிகட்டைக்குப் பின்னால், கண்ணெதிரிலேயே கறுத்தது.

"இங்க வெட்டுங்க" என்றார் தங்கமுத்து.

கண்ணுசாமி களைக்கொத்தால் இரண்டு கொத்துதான் போட்டான். மண்ணுக்கடியில் ஏதோ பட்டென்று உடைந்தது. அடுத்த நொடியில் எல்லோரும் வாசலில் நின்றார்கள். பொடி போட்டுப் பொடி போட்டு மரத்துப்போயிருந்த மாயாண்டியின் மூக்கு, பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஒழுங்காக வேலை செய்தது.

"முட்டை!" என்றான் அவன், மூக்கைப் பொத்திக்கொண்டு. "கூமுட்டை!"

மஞ்சள் தடவி, நூல் சுற்றிய கோழி முட்டைகள். ஒன்றல்ல, நாலைந்து. பாதி மிதிபட்டு நொறுங்கியவை, பாதி முழுசு.

"செய்வினை!" செல்லக்கிளி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, என் குடியக் கெடுக்க செய்வினை வச்சிருக்காளே! கண்ணு மட்டுமில்லை, கையும் வச்சிருக்காளே பாவி!"

கண்ணுசாமி களைக்கொத்தோடு திரும்பினான். அவன் பார்வை நேராக அண்ணன் பெண்டாட்டியின் மேல் போய் நின்றது. சண்முகவள்ளியின் முகம் வெளுத்துவிட்டது. காற்று அவளைக் காப்பாற்றும் என்று பார்த்தால், இன்னும் ஆழமான குழியில் தள்ளிவிட்டது.

"செத்த நேரம் பொறுங்க" என்றார் தங்கமுத்து. குரல் உயரவில்லை. "கண்ணுசாமி, குழியை எப்ப வெட்டிப் புதுசா மெழுகினே?"

"ஆயுத பூசைக்கு முந்தின நாளு."

"அப்ப உள்ள முட்டை ஏதாச்சும் இருந்துச்சா?"

"ஒரு முழம் தோண்டினேன் ஐயா. ஒரு கல்லுகூட இல்லை."

"ஆக, முட்டை வந்தது அதுக்கப்புறம். அடுத்த நாளே கதவுல பூட்டு ஏறியாச்சு. அந்தப் பூட்டு என் ஆபீசுக்குக் கீழ இருக்கிற கடையில செஞ்சது. அடையாளம் பாத்துட்டேன். அதுக்கு வேற சாவி போடுறது நடக்காது. அன்னையிலருந்து சண்முகவள்ளி நிழல்கூட வாசப்படி தாண்டலைன்னு சொன்னது யாரு?"

சாவி இருந்த இடுப்பைச் செல்லக்கிளியின் கை தானாகப் பொத்திக்கொண்டது.

"இந்தக் குழிக்குள்ள ரெண்டு பேரு ஒளிச்சு வச்சிருக்கீங்க" என்றார் தங்கமுத்து. "ரெண்டும் ஒரே காரணத்துக்குத்தான். ஒருத்தன் சொல்லிட்டான்."

செல்லக்கிளி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் நல்லதுக்குத்தான் வச்சேன்" என்றாள். "பொழுது விடிஞ்சா மதினி கை, மதினி நெசவு, மதினி மாதிரி வருமான்னு இந்த மனுசன் வாயில வேற பேச்சே கிடையாது. கேட்டுக் கேட்டு என் வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. அக்கா கண்ணு படக் கூடாதுன்னு பூசாரிகிட்டப் போனேன். ஒரு முட்டையை மந்திரிச்சுக் கொடுத்தாரு. இவருக்குத் தெரியாமக் குழியில புதைன்னாரு. புதைச்சேன். அப்புறந்தான் சேலை கறுத்துச்சு. அவ கண்ணுக்கு ஒரு முட்டை பத்தலைன்னு இன்னொண்ணு வாங்கியாந்தேன். அதுவும் கறுத்துச்சு..."

"சேலை கறுக்கக் கறுக்க முட்டை. முட்டை ஏற ஏற சேலை கறுக்குது" என்றான் மாயாண்டி. அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"இவரு மிதிக்கிறப்ப உடைஞ்சு, அழுகி, அந்த வாயு குழியிலயே தங்கியிருக்கு" என்றாள் ரோசலின். "துணி சுருளுறது அதுக்கு நேர் மேல. ஜன்னலும் சாத்தியாச்சு. தலைவலி, கண்ணெரிச்சல் எல்லாம் அதுலதான். அந்த வாயு பழகினா மூக்கையே மரத்துப்போக வச்சிரும். அதான் உங்களுக்கு நாத்தமே தெரியலை. பிள்ளையை எங்க தூங்க வைக்கிறீங்க?"

செல்லக்கிளி மெல்லத் தலையைத் திருப்பினாள். தறியறை மூலையில், குழிக்கு எட்டுகிற தூரத்தில், உத்தரத்திலிருந்து ஒரு சேலைத் தூளி தரை உரசத் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய முகத்தை அப்போது யாராலும் பார்க்க முடியவில்லை.

சண்முகவள்ளி அவள் எதிரில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்றுதான் மாயாண்டி நினைத்தான். திட்டினாலும் தப்பில்லை என்றும் நினைத்தான்.

"உன்னையும் உன் பிள்ளையையும் பாக்குறப்பல்லாம் எனக்கு வயிறு எரிஞ்சது நெசந்தான் கிளி" என்றாள் சண்முகவள்ளி. "பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுல உன் சரிகை கறுக்கலை."

அவ்வளவுதான். சொல்லிவிட்டுத் தன் பக்கம் போய் மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

கண்ணுசாமி மதினியின் வாசலில் போய் நின்றான். களைக்கொத்தை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். செல்லக்கிளி எழுந்து, அவனைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். பிறந்ததிலிருந்து சண்முகவள்ளியின் கண்ணில் காட்டப் பயந்து முந்தானைக்குள் மறைத்து வைத்த பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி நீட்டினாள்.

"அக்கா, செத்த நேரம் இவனை வச்சுக்க. நான் குழியக் கழுவிட்டு வாரேன்."

சண்முகவள்ளி இரண்டு கையையும் நீட்டினாள். வாங்கிக்கொண்டாள். ஆயக்குடி அண்ணன் வாசலில் வந்து இறங்கியபோது அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அந்த மயில்கழுத்துச் சேலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்கும் ஒரு காப்பி கிடைத்தது.

காரில் ஏறும்போது மாயாண்டி பெட்டியை ரோசலினிடம் கொடுக்காமல் தானே தூக்கி வந்தான். "டீச்சர்" என்றான். பெட்டியின் மூடியைக் கையால் துடைத்தான்.

ரோசலின் ஒரு புதுத் துண்டை எடுத்து அவன் சட்டைப் பையில் செருகினாள். "வச்சுக்கங்க. இன்னொரு தடவை வயிறு எரியிறப்ப இது கறுக்குதான்னு பாத்துச் சொல்லுங்க."

தங்கமுத்து அடக்க முடியாமல் சிரித்தார். இந்தத் தடவை பார்த்தது மாயாண்டியை. "வாலே" என்று முன் கதவைத் திறந்துவிட்டார். "முன்னால ஏறு."

"டீச்சரே உக்காரட்டும் அண்ணே" என்றான் மாயாண்டி. "ஸ்பிரிங்கு அவுகளுக்குப் பழகட்டும்."

பின் சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முன்னால் தங்கமுத்து நாலாக மடித்த துண்டை மறுபடி ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார். மாயாண்டி யாருக்கும் தெரியாமல் சட்டைப் பையை விரித்துப் பார்த்தான். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. எரிச்சல் இருக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன்? பெட்டியைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டான்.